புதுச்சேரி ஏரிக்கரைத் தங்கல்

புதுச்சேரி ஏரிக்கரைத் தங்கல் என்பது, சாலைவழியே பயணம் செய்வோர் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள ஏரிகளின் அருகே அமைதியான இடம் பார்த்து இரவு தங்குவதைக் குறிக்கும். இப்பகுதியின் இரு பெரிய நீர்நிலைகள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆகும். இவை இரண்டும் பாசனத்துக்காகக் கரை எழுப்பி ஆற்றுநீரைத் தேக்கும் ஏரிகள். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமும் ஆகும். இதனால் மலைவாசத்தலங்களில் உள்ளதுபோல நீரோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் இங்கு இல்லை. கரையிலிருந்து விலகிய மேட்டு நிலத்தில், உரியவரின் அனுமதியுடன் தங்கி, விடியலிலும் மாலையிலும் மட்டும் கரைக்குச் சென்று வருவதே பயணிக்கும் ஏரிக்கும் ஏற்ற முறையாகும்.

அமைவிடம்

புதுச்சேரி மாவட்டத்தின் ஊரகப் பகுதி அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்னும் ஐந்து கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கொம்யூன் என்ற சொல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து எஞ்சியது. இக்கொம்யூன்கள் ஒரே நிலப்பரப்பாக இல்லை. தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்கள் இடையிடையே புகுந்திருப்பதால், வண்டியில் செல்வோர் ஒரு மணி நேரத்துக்குள் மாநில எல்லையைப் பலமுறை கடக்க நேரிடும்.

வில்லியனூர் புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, விழுப்புரம் செல்லும் சாலையிலும் இருப்புப்பாதையிலும் உள்ளது. திருக்காமீசுவரர் கோயிலும் மாதா கோயிலும் அமைந்த ஊர் இது. ஊசுட்டேரி நகரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், இந்தக் கொம்யூனையும் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தையும் தொட்டுக் கிடக்கிறது. பாகூர் நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடலூர் சாலையில் கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூரை அடையலாம். கடலூர், சிதம்பரம் நோக்கிச் செல்வோருக்குப் பாகூர் வழியில் அமைகிறது.

ஏரியும் குளமும்

தமிழில் நீர்நிலைகளுக்குப் பயன்பாட்டை ஒட்டிப் பெயர் அமைந்துள்ளது. குளம் பெரும்பாலும் குளிக்கவும் கோயில் வழிபாட்டுக்கும் உரியது. ஊருணி குடிநீருக்கு உரியது. ஏரி பாசனத்துக்கு உரியது. சிறிய ஏரிகளைத் தாங்கல், ஏந்தல் என்றும் வழங்குவர். பயணிகள் இளைப்பாறிய இடம் என்று பழைய வழக்கில் சொல்லப்படுவது குளக்கரையே. படித்துறையும் ஆலமரமும் அரசமரமும் குளக்கரைக்கு உரியவை. ஏரிக்கரை என்பது மண்ணைக் கொட்டி உயர்த்திய அணை. அதன் ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம், தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்வாக, வயல்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. இவற்றில் 59 ஏரிகள் ஆறுகளிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறுபவை. மீதி 25 ஏரிகள் அந்தந்த இடத்து மழைநீரை நம்பியவை. இந்த வேறுபாடு தங்க வருவோர் அறிய வேண்டிய ஒன்று. மழையை மட்டும் நம்பிய ஏரி, வானம் வெளுத்திருக்கும் நாளில் உயராது. ஆற்றுவாய்க்கால் ஏரி, எங்கோ தொலைவில் பெய்த மழைக்கோ, மேலே உள்ள அணை திறக்கப்பட்டதற்கோ, உள்ளூரில் ஒரு துளியும் விழாத இரவில்கூட உயரக்கூடும். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆற்றுவாய்க்கால் ஏரிகளே.

ஊசுட்டேரி

ஊசுடு ஏரி என்றும் அழைக்கப்படும் ஊசுட்டேரி புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி. இதன் மொத்தப் பரப்பு சுமார் 800 எக்டேர். அதில் ஏறத்தாழ 390 எக்டேர் புதுச்சேரிக்கும் மீதி தமிழ்நாட்டுக்கும் உரியது. செஞ்சி ஆறு, வராக நதி என்றெல்லாம் வழங்கும் சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. அந்த ஆற்றின் மேற்பகுதியில், விழுப்புரம் மாவட்டத்தில், வீடூர் அணை உள்ளது.

ஏரியின் புதுச்சேரிப் பகுதி 2008ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 332 எக்டேர் 2015ஆம் ஆண்டு ஊசுடு ஏரிப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஒரே நீர்ப்பரப்பு இரு அரசுகளின் வனத்துறைகளிடம் இருப்பதால், எந்தக் கரையில் நிற்கிறோமோ அந்த அரசின் வனத்துறையிடமே அனுமதியும் விவரமும் கேட்க வேண்டும்.

குளிர்காலத்தில் நாமக்கோழி, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வலசைப் பறவைகள் இங்கு வருகின்றன. புள்ளிமூக்கு வாத்து, முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா ஆகியவற்றையும் காணலாம். நீர் குறைந்து சேறு தெரியும் காலத்தில் பூநாரையும் இறங்குவதுண்டு. கரையோரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு அடர்ந்து வளர்ந்துள்ளது. வெளியாருக்கு வெறும் புதராகத் தோன்றும் இந்த ஓரங்களிலும் நாணல், சம்புத் திட்டுகளிலும் தாழைக்கோழி போன்றவை ஒதுங்குகின்றன.

பாகூர் ஏரி

பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி. தென்பெண்ணை ஆற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. இந்த வாய்க்காலையும் ஏரியையும் சிங்காரி, பங்காரி என்னும் இரு தேவரடியார்கள் தம் செல்வத்தைக் கொண்டு அமைத்தனர் என்பது இப்பகுதி மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

பாகூர் பழமையான ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், இங்கிருந்த கல்விநிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. இச்செப்பேடுகள் 1879ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. ஊரிலுள்ள மூலநாதர் கோயிலில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்துக் கல்வெட்டுகளும் சோழர் கல்வெட்டுகளும் உள்ளன. ஊர்ச்சபை ஏரியைத் தூர்வாரிப் பேணச் செய்த ஏற்பாடுகளும் அவற்றில் பதிவாகியுள்ளன. ஏரியைப் பேணுவது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊரின் பொதுக்கடமையாக இருந்தது என்பதை இவை காட்டுகின்றன.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்க உழவர் சங்கங்கள் இருந்தன. 1999ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் நடந்த ஏரிகள் சீரமைப்புத் திட்டத்தில் ஏரிதோறும் சங்கங்கள் அமைக்கப்பட்டன. பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று அழைக்கப்படுகிறது. ஏரியில் நிற்கும் ஒவ்வோர் அடி நீருக்கும் கீழே ஓர் ஆயக்கட்டு காத்திருக்கிறது. பாகூர் ஏரியில் சரணாலயக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும், அதன் கரை ஆளில்லாத இடம் ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே.

மரபில் வழித்தங்கல்

வழிநடைப் பயணிகளின் தேவையைத் தமிழ்நாட்டு ஊர்கள் சத்திரம், சாவடி, தண்ணீர்ப்பந்தல், சுமைதாங்கி ஆகியவற்றால் நிறைவு செய்தன. சத்திரங்கள் பெரும்பாலும் சாலையோரத்தில், குளத்துக்கோ கிணற்றுக்கோ பக்கத்தில், ஊர்க் காவலின் பார்வையில் இருந்தன. ஏரிக்கரை மேல் சத்திரம் கட்டும் வழக்கம் இல்லை. கரையில் அடுப்பு மூட்டினால் குழி தோண்ட வேண்டும். வண்டி நிறுத்தினால் கரை அமுங்கும். மாடு கட்டினால் முளை அடிக்க வேண்டும். இவை மூன்றும் மண்கரைக்கு ஆகாதவை. கிழக்கும் மேற்கும் செல்வோர் எல்லாரும் கரையில் தங்கியிருந்தால் அக்கரைகள் நிலைத்திருக்கமாட்டா.

இக்காலத்துக் கூடாரம், வண்டிக்கூரையில் விரிக்கும் படுக்கை, சமையல் அடுப்பு ஆகியவற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். கூடார முளைகளும் மழைநீர் வடியத் தோண்டும் சிறு கால்வாயும் கரைச் சரிவில் நீர்க்கசிவுக்கு வழி செய்கின்றன.

சட்ட நிலை

சரணாலய எல்லைக்குள் நுழைவதும் தங்குவதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. 28ஆம் பிரிவு சுற்றுலா, ஆய்வு, ஒளிப்படம் எடுத்தல் போன்ற நோக்கங்களுக்கு அனுமதி வழங்க வகை செய்கிறது. 30ஆம் பிரிவு தீ மூட்டுவதைத் தடை செய்கிறது. எனவே ஊசுட்டேரிக் கரையில் அனுமதியின்றிக் கூடாரம் அடித்து விறகுத் தீ மூட்டுவது நாகரிகக் குறைவு மட்டுமல்ல, குற்றமும் ஆகும்.

சரணாலயம் அல்லாத ஏரிகள் அரசுப் புறம்போக்கு நிலங்கள். அவை பொதுநிலம் என்பதால் எவரும் தங்கலாம் என்று பொருளில்லை. கரையும் மதகும் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளன. ஏரி மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்படுவதால், இரவில் ஏரிக்கரையில் காணப்படும் வெளியாரை மீன் திருட வந்தவராகக் காவலர்கள் ஐயுறுவதும் இயல்பே. கரையை ஒட்டிய தோப்பும் வயலும் தனியார் நிலங்கள். அங்கு உரிமையாளரின் ஒப்புதல் போதும்.

மாநில எல்லை அடிக்கடி மாறுவதால் வேறு சில விதிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். புதுச்சேரியில் வாங்கிய மதுபானத்துடன் தமிழ்நாட்டு எல்லைக்குள் செல்வது, சில நூறு மீட்டர் தொலைவு என்றாலும், மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வழக்குக்கு இடமளிக்கும். வெளிநாட்டினருக்குத் தங்க இடம் அளிப்போர் அதை 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். நண்பரின் தோப்பு வீடானாலும் இந்த விதி பொருந்தும்.

ஏரியின் உறுப்புகளும் தங்குமிடமும்

ஓர் ஏரியைச் சுற்றி எந்த இடம் தங்கத் தகுந்தது என்பதை அதன் உறுப்புகளைக் கொண்டு கணிக்கலாம்.

உள்வாய்: கரைக்கு எதிர்ப்புறமாக நீர் படிப்படியாக ஆழம் குறைந்து முடியும் பகுதி. கோடையில் புல்வெளி போலப் பரந்து கிடப்பதால் கூடாரத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். ஏரி நிரம்பத் தொடங்கினால் முதலில் நீர் பரவும் இடம் இதுவே. நிலம் தட்டையாக இருப்பதால் நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் ஓரம் பல மீட்டர் நகர்ந்துவிடும். பறவைகள் இரை தேடும் இடமும் இதுதான்.

வரத்து வாய்க்கால்: ஆற்றுநீர் ஏரிக்குள் வரும் வழி. வறண்டிருக்கும்போது மணல் படிந்து மெத்தென்று இருக்கும். இங்கு தங்குவது எக்காலத்திலும் ஆபத்தானது.

கரை: மேலே நடைபாதையோ வண்டிப்பாதையோ இருக்கும். காற்று நன்றாக வரும். பார்வையும் நன்றாக இருக்கும். விடிகாலையில் டிராக்டரும் மாட்டுவண்டியும் இருசக்கர வண்டிகளும் இந்தப் பாதையில் செல்வதால், வண்டியை நிறுத்தினால் உழவர்களின் வழி அடைபடும்.

மதகு: வயலுக்கு நீர் திறக்கும் இடம். நீர் திறப்பவர் இரவிலும் வரக்கூடும். மதகடியில் நீர்ச்சுழல் இருப்பதால் குளிக்கக் கூடாது.

கலிங்கு: ஏரி நிறைந்தால் மிகுதி நீர் வழியும் இடம். கற்பாவிய தளமாக இருப்பதால் சமைக்க வசதியாகத் தோன்றும். கலிங்குக்குக் கீழே உள்ள ஓடையின் இருபுறமும் தங்கக் கூடாது.

ஊர்நத்தம்: வீடுகள் அமைந்த மேட்டு நிலம். ஊர்கள் எந்த மேட்டில் குடியேறியுள்ளனவோ அந்த மேட்டுக்குப் பொதுவாக வெள்ளம் வருவதில்லை. ஊரை ஒட்டிய தென்னந்தோப்பு, சவுக்குத் தோப்பு, பண்ணை வீடு, விருந்தினர் இல்லம் ஆகியவற்றில் ஒன்றே ஏரிக்கரைத் தங்கலுக்கு உகந்தது. ஏரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருந்தால் போதும். தோப்பில் தங்கும்போது தேங்காயும் மட்டையும் விழாத இடைவெளி பார்த்துக் கூடாரம் அமைக்க வேண்டும்.

பருவம்

புதுச்சேரிக்கு மழை தருவது முக்கியமாக வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் இம்மழையில்தான் ஏரிகள் நிறைகின்றன. பறவைகளும் பசுமையும் ஒருசேரக் காணக் கிடைப்பது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். மார்ச்சில் நீர் குறையத் தொடங்குகிறது. மே, ஜூன் மாதங்களில் பல ஏரிகள் மேய்ச்சல் நிலமாகிவிடுகின்றன.

மழைக்காலத்தில் தங்கும் திட்டத்தைக் கைவிடுவதே முறை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது இப்பகுதியின் தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. அதைவிடப் பாகூர் வட்டாரத்துக்குப் பாடமானது அடுத்து நிகழ்ந்தது. புயல் வலுவிழந்து உள்நாட்டில் பெருமழையாகப் பெய்ததால், டிசம்பர் 2 அதிகாலையில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் நீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. அந்த வெள்ளம் கடலூர், பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் புகுந்தது. புதுச்சேரியில் புயல் ஓய்ந்துவிட்டது என்று எண்ணிய நேரத்தில் வந்த வெள்ளம் அது.

ஆகவே அக்டோபர் முதல் ஜனவரித் தொடக்கம் வரை வருவோர் உள்ளூர் வானிலையை மட்டும் பார்த்தால் போதாது. பாகூருக்குச் சாத்தனூர் அணையின் நிலையையும், ஊசுட்டேரிக்கும் சங்கராபரணிக் கரைக்கும் வீடூர் அணையின் நிலையையும் பார்க்க வேண்டும். அணை திறப்பு எச்சரிக்கைகள் செய்திகளிலும் மாவட்ட நிருவாக அறிவிப்புகளிலும் வெளியாகின்றன.

அமைதியைக் கணித்தல்

வரைபடத்தில் ஒதுக்குப்புறமாகத் தெரியும் இடம் இரவில் அமைதியாக இருக்கும் என்று உறுதி இல்லை. ஊர்ப்புற ஓசைகளுக்குத் தனிக் காலக்கணக்கு உண்டு.

வேளாண் காலம்: சம்பா அறுவடை சனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. அறுவடை இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் நேரத்தில் வேலை முடிக்க வேண்டியிருப்பதால் இரவிலும் ஓடும். சாலையோரத்தில் நெல் காயவைத்திருப்பர். அதன்மீது வண்டி ஏற்றாமல் மெதுவாகச் செல்ல வேண்டும்.

திருவிழாக் காலம்: ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ்வார்த்தலும், மார்கழியில் விடியலுக்கு முன்பே பாட்டும் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் தென்பெண்ணைக் கரை நிறைந்துவிடும். மாசி மகத்தில் சங்கராபரணிக் கரையிலுள்ள திருக்காஞ்சியிலும், வைகாசிப் பெருவிழாவில் வில்லியனூரிலும் கூட்டம் மிகும். திருவிழாவைக் காண வருவோருக்கு இவை சிறந்த நாட்கள். தூங்க வருவோருக்கு அல்ல.

விடுமுறை: சென்னை, பெங்களூரு வண்டிகள் புதுச்சேரிக்கு வருவது வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை. திங்கள் முதல் வியாழன் வரை கரைகள் ஓய்ந்திருக்கும். காணும் பொங்கல் அன்று ஏரிக்கரைகளில் உள்ளூர்க் குடும்பங்களே மிகுதியாகக் கூடுவர். ஆகஸ்ட் 15, 16 ஆகிய நாட்களும், புதுச்சேரியின் விடுதலை நாளான நவம்பர் 1ஆம் நாளும் இங்கு விடுமுறை நாட்கள்.

சாலையும் தொழிலும்: நான்குவழிச் சாலையிலிருந்து கனரக வண்டிகளின் ஓசை இரவில் வயல்வெளியைக் கடந்து வெகுதூரம் கேட்கும். ஊசுட்டேரிக்கு வடக்கே சேதராப்பட்டில் தொழிற்பேட்டை உள்ளது. செங்கல் சூளை, பம்புசெட், கோழிப்பண்ணை ஆகியவையும் அருகில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இவற்றைப் பகலில் வந்து பார்த்தால்தான் அறிய முடியும். மாலை 4 மணிக்குள் இடத்தை அடைவது நல்லது. பொழுது சாய்ந்தபின் இடம் தேடுவோர் கடைசியில் கரைமேல் வண்டியை நிறுத்தும் நிலைக்கே வருகின்றனர்.

தேநீர்க்கடை இத்தகவல்களுக்கெல்லாம் நல்ல இடம். ஏரியில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, மதகு திறந்துள்ளதா, இன்று ஊரில் ஏதும் விசேடமா, யாருடைய தோப்பில் கேட்டால் இடம் தருவார்கள் என்னும் நான்கு கேள்விகளுக்கும் அங்கே விடை கிடைக்கும். வெளியூரார் இன்ன தோப்பில் தங்குகின்றனர் என்பது ஊருக்குத் தெரிந்திருப்பதே இரவுக் காவலாகவும் அமைகிறது.

உடல்நலப் பாதுகாப்பு

நெல்வயலும் நீரும் உள்ள இடத்தில் தவளையும் எலியும் உண்டு. அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தமிழகச் சமவெளியில் காணப்படுபவை. இவற்றில் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்துத் தூங்குவோரைக் கடிப்பதும், கடி வலியில்லாமல் இருப்பதால் கடித்தது தெரியாமலே போவதும் உண்டு. விடியலில் காரணமில்லாத வயிற்றுவலி, இமை தொங்குதல், விழுங்க இயலாமை ஆகியவை தோன்றினால் பாம்புக்கடி என்றே கருதி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தரையில் படுக்காமல் கட்டிலிலோ வண்டிக்குள்ளோ படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வதும், இருட்டில் விளக்கின்றி நடக்காதிருப்பதும் எளிய காப்புகள்.

கடிபட்டால் கீறுதல், உறிஞ்சுதல், இறுக்கிக் கட்டுதல் ஆகியவற்றைச் செய்யக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும். புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையும், கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பெரிய அரசு மருத்துவமனைகள். இரு ஏரிகளிலிருந்தும் ஒரு மணி நேரத்துக்குள் இவற்றை அடையலாம் என்பது காடுகளில் தங்குவோருக்கு வாய்க்காத வசதி.

ஏரிநீரைக் குடிக்கக் கூடாது. வயலிலிருந்து உரமும் பூச்சிமருந்தும், ஊர்களிலிருந்து கழிவும் நீரில் கலக்கக்கூடும். காலில் புண் இருந்தால் சேற்றிலும் தேங்கிய நீரிலும் இறங்காதிருப்பது எலிக்காய்ச்சலைத் தவிர்க்க உதவும்.

பறவைகளும் பயணிகளும்

ஏரியில் இரவு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அங்கே மனிதர் தங்காததே. நீர்ப்பறவைகள் பகலில் இரை தேடி, மாலையில் மரங்களிலும் திட்டுகளிலும் அடைகின்றன. வாத்தினங்களில் பல இரவிலும் இரை தேடுகின்றன. கூடார விளக்கு, பாட்டு, வண்டியின் முகப்பு விளக்கு, பட்டாசு ஆகியவை அவற்றை எழுப்பிவிடும். வலசை வந்த பறவை, நெடும்பயணத்துக்காகச் சேர்க்க வேண்டிய கொழுப்பை இவ்வாறு வீணே எழுந்து பறப்பதில் இழக்கிறது. கூடு கட்டும் பறவைகள் எழுந்து பறந்தால் முட்டையையும் குஞ்சையும் காகமும் பருந்தும் கொண்டுபோகும்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் உழவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட ஊரார் அவற்றை வேட்டையாட விடாமல் காத்தனர். அவர்களின் வேண்டுகோளை ஏற்று 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த உரிமையை எழுத்தில் வழங்கினார். இன்றும் வேடந்தாங்கலுக்குப் பகலில் வந்து கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறிப் பார்த்துத் திரும்புவதே வழக்கம். ஊசுட்டேரிக்கும் இந்த வழக்கமே பொருத்தமானது.

கரையில் நடப்போர் மங்கிய நிற உடை அணிவதும், இரட்டைக்கண்ணாடி கொண்டு தொலைவிலிருந்தே பார்ப்பதும், பறவைகள் தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் அதற்குமேல் நெருங்காமல் நிற்பதும் போதுமானவை. வனத்துறை அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

சுவீடனில் 'எல்லோருக்குமான உரிமை' என்னும் வழக்கின்படி, வீடுகளிலிருந்து விலகிய இடத்தில் ஓரிரு இரவு கூடாரம் அடிக்க எவர் அனுமதியும் தேவையில்லை. அமெரிக்காவின் தேசியக் காடுகளிலும் பல இடங்களில் அவ்வாறு தங்கலாம். அங்கும் நீரிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளியே கூடாரம் அமைக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறி. இலங்கையின் வில்பத்துத் தேசியப் பூங்காவில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்பதிவு செய்து, குறித்த முகாமிடங்களில் தங்கலாம்.

ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கும் ஒளிப்படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் இத்தகைய ஆள் நடமாட்டம் குறைந்த காட்டு ஏரிகளைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்த்து வருவோர் புதுச்சேரியின் ஏரியையும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். வில்லியனூரிலும் பாகூரிலும் கரைக்கு அந்தப் பக்கம் காடு இல்லை. மூன்று போகம் காணும் வயலும் ஊரும் உள்ளன.

தேர்வு முறை

இடத்தைத் தேர்வோர் கீழ்க்காணும் வரிசையில் பார்ப்பது பயனுடையது.

1. அந்த இடம் எந்த அரசின் எல்லையில் உள்ளது; சரணாலயத்துக்குள் வருகிறதா.
2. ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது. மேலே உள்ள அணையின் நிலை என்ன.
3. ஏரி இன்றிரவு உடைந்தாலோ வழிந்தாலோ நீர் எந்தப் பக்கம் போகும். தங்கும் இடம் அந்த வழியில் உள்ளதா.
4. நிலம் யாருடையது, அவர் ஒப்புக்கொண்டாரா, ஊருக்குத் தெரியுமா.
5. கழிப்பறையும் குடிநீரும் உள்ளனவா. இல்லையெனில் அந்த இடம் தங்கத் தகுந்ததன்று.
6. இரவில் புறப்பட நேர்ந்தால் வண்டி சேற்றில் சிக்காமல் தார்ச்சாலையை எட்டுமா.

இவற்றில் முதல் மூன்றும் தவறினால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை. இவை எல்லாம் பொருந்திய தோப்பு கிடைத்தால், விடியலுக்கு அரைமணி நேரம் முன்பு எழுந்து நடந்தே கரைக்குச் செல்லலாம். நாமக்கோழிக் கூட்டம் நீரில் கலைந்து இரை தேடத் தொடங்குவதும், நாரைகள் வரிசையாக வயலுக்குப் புறப்படுவதும், மதகு பார்க்க வரும் உழவர் மண்வெட்டியுடன் கரையேறுவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிகழும். ஏரியைக் காண ஏற்ற பொழுது அது. வெயில் ஏறுமுன், காலை 8 மணிக்குள், கரையை விட்டு இறங்கிவிடலாம்.